கோட்டையூர்ச் சேகரிப்பும் சிகாகோப் பல்கலைக்கழகமும்: ஒரு வட்டாரத்தின் அச்சுச் செல்வத்தை யார் காப்பது?

ஜூன் 3, மாலை (ஒரு வாசகரின் கேள்வி)

கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா சேர்த்து வைத்திருந்த நூல்களை 1994இல் சிகாகோப் பல்கலைக்கழகம் விலைக்கு வாங்கியது என்று படித்தேன். தமிழ்நாட்டின் அச்சுச் செல்வத்தைத் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று வாங்கியிருக்கக் கூடாதா? நம் பொருள் அமெரிக்காவுக்குப் போய்விட்டது என்றுதானே இதற்கு அர்த்தம்?

ஜூன் 3, இரவு

போகவில்லை. அந்தச் சேகரிப்பு இன்றும் சென்னையில்தான், தரமணியில், ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் என்ற பெயரிலேயே இருக்கிறது. என் ஆய்வுக்காக நான் அங்கே உட்கார்ந்து படித்திருக்கிறேன். முத்தையா செட்டியார் 1992இல் காலமானார். இரண்டு ஆண்டுகள் கழித்துப் பல்கலைக்கழகம் அவர் குடும்பத்தாரிடமிருந்து சேகரிப்பை வாங்கியது. வாங்கியதைக் கப்பலேற்றாமல், தமிழ்மொழி வளர்ச்சிக்காக இயங்கும் 'மொழி' அறக்கட்டளையோடு உடன்பாடு செய்துகொண்டு சென்னையிலேயே ஒரு நூலகமாக அமைத்தது. 1996இல் முகப்பேரில் அது வாசகர்களுக்குத் திறந்துவிடப்பட்டது, பிறகு தரமணிக்கு இடம் மாறியது. இப்போது அதை நடத்துவது அந்த நூலகத்துக்கென்றே அமைந்த ஓர் அறக்கட்டளை.

உங்கள் முதல் கேள்வி வேறு. அதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. நாளைக்கு எழுதுகிறேன்.

ஜூன் 4

முதலில் வாங்கப்பட்டது எது என்று தெரிந்துகொள்வோம், ஏனென்றால் 'நூல்கள்' என்று சொன்னவுடன் சங்க இலக்கியப் பதிப்புகளும் கம்பராமாயணமுமே நம் கண்முன் வருகின்றன. முத்தையா காரைக்குடிக்கு அருகிலுள்ள கோட்டையூர்க்காரர். சென்னையில் விளம்பரப் பலகை எழுதும் ஓவியராகத் தொழில் செய்தவர். 1950 வாக்கில் சேர்க்கத் தொடங்கி, சாகும்வரை சேர்த்துக்கொண்டே இருந்தார். நூல்களே ஏறத்தாழ 50,000. இதழ்களையும் மற்றவற்றையும் சேர்த்தால் ஒரு லட்சம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அதில் செவ்விலக்கியமும் உண்டு, சித்த மருத்துவமும் உண்டு. ஆனால் அந்தச் சேகரிப்பை வேறெந்த நூலகத்தோடும் ஒப்பிட முடியாதபடி ஆக்குபவை நாடக நோட்டீசுகள், திருமண அழைப்பிதழ்கள், சினிமாப் பாட்டுப்புத்தகங்கள், குஜிலிக் கடைகளில் (மலிவு அச்சுகளை விற்ற தெருக்கடைகளில்) காலணாவுக்கும் அரையணாவுக்கும் விற்ற கொலைச்சிந்து, வெள்ளச்சிந்து, கும்மிப் பாட்டு வகையறாக்கள்.

இவற்றை வாங்கியவர்கள் படித்துவிட்டுத் தூக்கிப் போட்டார்கள். போட்டதில் தவறும் இல்லை. அச்சிட்டவர்களே அவை ஒரு வாரத்துக்கு மேல் நீடிக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. இன்று 1920களின் மதுரையில் சாதாரண மக்கள் எதைப் பாடினார்கள், எதற்குச் சிரித்தார்கள், எந்தக் கொலைவழக்கைத் தெருத்தெருவாகப் பேசினார்கள் என்று அறிய விரும்புபவருக்கு இவற்றை விட்டால் வேறு கதியே இல்லை. ஒரு வட்டாரத்தின் அச்சுமரபைக் காப்பது என்றால், அந்த வட்டாரத்தில் யாருமே பொருட்படுத்தாத தாள்களையும் சேர்த்துக் காப்பது என்பதே என் உறுதியான கருத்து.

ஜூன் 6

சிகாகோ ஏன் வந்தது? கவிஞரும் மொழிபெயர்ப்பாளருமான ஏ.கே. ராமானுஜன் 1960களின் தொடக்கம் முதல் அங்கே பேராசிரியராக இருந்தவர். முத்தையா சேகரிப்பின் அருமையைப் பல்கலைக்கழகத்தாருக்கு எடுத்துச் சொன்னவர்களில் அவர் முக்கியமானவர். 1993இல் அவர் இறந்துவிட்டதால் சேகரிப்பு வாங்கப்பட்டதைப் பார்க்கவில்லை. தென்னாசிய நூல்களுக்குப் பொறுப்பாக இருந்த நூலகர் ஜேம்ஸ் நை அந்த வேலையை நடத்தி முடித்தார்.

இதற்குப் பின்னால் இன்னொரு கதை உண்டு. 1954ஆம் ஆண்டின் பொதுச்சட்டம் 480இன்படி அமெரிக்கா இந்தியாவுக்குக் கோதுமை கொடுத்தது; அதற்கு நாம் ரூபாயாகக் கொடுத்த பணம் இந்தியாவிலேயே தங்கியது. அந்த ரூபாயில் ஒரு பகுதியைக் கொண்டு, 1962 முதல், இந்திய மொழிகளில் வெளிவந்த புத்தகங்களை அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தில்லி அலுவலகம் மொத்தமாக வாங்கி அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பியது. சிகாகோவும் அவ்வாறு பெற்ற இடங்களில் ஒன்று. அங்கே தமிழ் நாவலும் கவிதைத் தொகுப்பும் அலமாரி அலமாரியாக இருப்பதற்கு இதுதான் காரணம். ஆனால் அந்தத் திட்டத்தில் கிடைத்தவை அன்றன்று புதிதாக வெளிவந்த நூல்கள் மட்டுமே. 1835இல் அச்சகங்கள் மீதான கட்டுப்பாடு நீங்கியதிலிருந்து 1950கள் வரையிலான ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட தமிழ் அச்சு அதில் அகப்படாது. முத்தையாவின் வீட்டில் இருந்தது அந்த நூற்றாண்டு. எந்த இடைவெளி தன் அலமாரியில் இருக்கிறது என்று தெரிந்த நூலகத்தால்தான், எதிரில் வந்து நின்ற சேகரிப்பின் மதிப்பையும் உடனே அறிய முடிந்தது என்று நினைக்கிறேன்.

நம் பல்கலைக்கழகம் ஒன்று வாங்கியிருக்கலாமே என்கிறீர்கள். வாங்கியிருக்கலாம். ஆனால் நம் நூலகங்களின் கொள்முதல் முறையை நினைத்துப் பாருங்கள்: துறைத்தலைவர் பட்டியல் தருவார், பதிப்பாளர் விலைப்புள்ளி தருவார், குழு கூடும், கழிவு சதவீதம் பேசப்படும். விலை அச்சிடப்படாத ஒரு கல்யாண அழைப்பிதழை அந்த முறையில் எந்தப் பதிவேட்டில் ஏற்றுவது? முறையே அப்படி அமைந்துவிட்ட பிறகு தனிமனிதர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

ஜூன் 7

சட்டப்படியே எல்லாப் புத்தகமும் அரசு நூலகத்துக்குப் போகிறதே, பிறகு பல்கலைக்கழகம் எதற்கு என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி.

1867ஆம் ஆண்டின் 25ஆவது சட்டம் இரண்டு காரியம் செய்தது. அச்சாகும் ஒவ்வொரு நூலிலும் தாளிலும் அச்சிட்டவர் பெயரும் அச்சிட்ட ஊரும் இருக்க வேண்டும் என்றது. நூலின் படிகளை மாகாண அரசிடம் ஒப்படைக்க வேண்டும் என்றது. காலாண்டுக்கு ஒருமுறை அரசிதழில் வெளிவந்த நூற்பட்டியல்கள் அதன் விளைவு. இந்தியாவின் 1954ஆம் ஆண்டு நூல் ஒப்படைப்புச் சட்டம் கல்கத்தா, சென்னைக் கன்னிமாரா, மும்பை, தில்லி ஆகிய இடங்களின் நான்கு நூலகங்களுக்கு, நூல் வெளியான 30 நாளுக்குள், பதிப்பாளர் தம் செலவில் படி அனுப்ப வேண்டும் என்கிறது. அனுப்பாவிட்டால் 50 ரூபாய் வரை அபராதமும் நூலின் விலையும் கட்ட வேண்டும். அந்த 50 ரூபாய்க்கு அஞ்சிப் புத்தகம் அனுப்பிய சிறுபதிப்பாளர் எவரையும் நான் சந்தித்ததில்லை. தம் செலவில் 300 படி அச்சடித்து நண்பர்களுக்குக் கொடுக்கும் கவிஞருக்கு இப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியாது. போதாக்குறைக்கு, 1867ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2023இல் இயற்றப்பட்டு 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் பருவ இதழ்களை மட்டுமே பேசுகிறது. புத்தகப் பதிவு அதில் இல்லை.

ஆகவே சட்டம் ஒரு வலை. பெரிய மீன்கள்கூட அதில் சில நேரம் தப்பிவிடும். அழைப்பிதழும் நோட்டீசும் அதில் விழவே விழா.

ஜூன் 9

நோட்டீசுகளால் என்ன ஆய்வு நடக்கப்போகிறது என்று ஒருவர் சற்றுக் கடுமையாகவே கேட்டிருப்பதால், ஒரே ஒரு தாளைப் பற்றி விரிவாகச் சொல்கிறேன்.

நான் பார்த்தது இளஞ்சிவப்பு நிறத்து மெல்லிய தாள். முழங்கை நீளம் இருக்கும். மேலே பெரிய எழுத்தில் 'ஸ்பெஷல் நாடகம்'. அதன் கீழே நாடகத்தின் பெயர், ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், பின்பாட்டு, ஆர்மோனியம் என்று வரிசையாகப் பெயர்கள். 'கிட்சன் லைட்' (மண்ணெண்ணெயில் எரியும் பெரிய விளக்கு) வெளிச்சம் உண்டு என்று தனிவரியில் ஓர் உறுதிமொழி. கட்டண விகிதம் சோபா, நாற்காலி, பெஞ்சு, தரை என்று இறங்கிக்கொண்டே வந்து தரைக்கு நாலணாவில் நிற்கிறது. பெண்களுக்குத் தனி இடம் என்ற குறிப்பும் உண்டு. ஒரு மூலையில் சுவரில் ஒட்டிப் பிய்த்த பசைக்கறை. தேதி: ஏப்ரல் 14, சனிக்கிழமை. ஆண்டு இல்லை. இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. படித்தவர்களுக்கு அது எந்த ஆண்டு என்று தெரியும்.

1910க்கும் 1940க்கும் நடுவில் ஏப்ரல் 14 சனிக்கிழமையில் விழுந்த ஆண்டுகள் நான்கு: 1917, 1923, 1928, 1934. இதில் எது? தாளின் அடியில், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத பொடி எழுத்தில், அச்சகத்தின் பெயர் இருந்தது. 1867ஆம் ஆண்டுச் சட்டம் வற்புறுத்தியதால் வந்த வரி அது. நூலகத்தின் நூற்பட்டியலில் அதே அச்சகத்தின் பெயரைக் கொண்டு தேடியபோது கிடைத்த பாட்டுப்புத்தகங்கள் எல்லாமே 1921க்கும் 1926க்கும் இடைப்பட்டவை. அதனால் 1923 என்று எடுத்துக்கொண்டேன். அந்த ஒரு தேதி உறுதியான பிறகு, அந்த நடிகர்கள் அந்த ஆண்டில் எந்த ஊரில் இருந்தார்கள், யாரோடு ஜோடி சேர்ந்தார்கள், தரை டிக்கெட்டுக்காரர் ஓர் இரவுக்கு என்ன செலவழித்தார் என்று என் ஆய்வின் ஒரு பகுதியே அதன்மேல் எழுந்தது.

இதில் கவனிக்க வேண்டியது நூற்பட்டியல். அந்தச் சிறுநூல்களுக்குத் தலைப்பையும் ஆசிரியரையும் மட்டும் குறித்துவிட்டு, அச்சகத்தின் பெயரைப் பட்டியலாளர் விட்டிருந்தால், நான்கு ஆண்டுகளில் எது என்று தெரியாமலே நான் திரும்பியிருப்பேன். எட்டுப் பக்கச் சிந்துக்கும் எண்ணூறு பக்க உரைநூலுக்கும் ஒரே அக்கறையோடு பதிவு எழுதிய அந்தப் பணியாளர்கள் செய்தது பேருதவி.

ஜூன் 10

'எல்லாவற்றையும் ஸ்கேன் செய்துவிட்டால் போதாதா?' என்பது இங்கே திரும்பத் திரும்ப வரும் கேள்வி. போதாது. ஸ்கேன் செய்வது படிப்பவருக்கு வசதி. அதை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன், தமிழ் மின்னூலகம் என் போன்றவர்களுக்குச் செய்திருக்கும் நன்மைக்கு அளவில்லை. ஆனால் கணினிக் கோப்பைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய வன்தட்டுக்கு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், மாற்ற ஆள் வேண்டும், சம்பளம் வேண்டும். பாலியெஸ்டர் அடித்தளத்தில் வெள்ளிப் பூச்சுள்ள நுண்படச் சுருள் (மைக்ரோஃபிலிம்), குளிரும் வறட்சியும் சரியாக இருந்தால், 500 ஆண்டு வரை நிற்கும் என்பது துறையினர் மதிப்பீடு; படிக்க ஒரு விளக்கும் ஒரு லென்சும் போதும். அதனால்தான் ரோஜா முத்தையா நூலகம் தொடக்கத்திலிருந்தே நுண்படம் எடுப்பதில் அவ்வளவு உழைப்பைப் போட்டது. மூலச்சுருளை யாரும் தொடாமல் ஓரிடத்தில் வைத்து, அதிலிருந்து எடுத்த படியைத்தான் வாசகருக்குத் தருவது இத்துறையின் முறை.

காகிதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கந்தல் துணியிலிருந்து செய்த காகிதத்தில் அச்சான 1830களின் நூல் இன்றும் வளைந்து கொடுக்கும். மரக்கூழும் படிகாரமும் வந்த பிறகு காகிதத்துக்குள்ளேயே அமிலம் குடியேறிவிட்டது. 1940களில் போர்க்காலத் தட்டுப்பாட்டில் கிடைத்த தாளில் அச்சான நூல்களைப் புரட்டினால், ஓரம் அப்பளம் போல நொறுங்கி மேசையில் உதிர்கிறது. சென்னையின் வெக்கையும் ஈரப்பதமும் அதை விரைவுபடுத்துகின்றன. ராமபாணப் பூச்சியையும் கறையானையும் விரட்ட வழி உண்டு. முத்தையாவே பூச்சிமருந்தைத் தாமாகத் தயாரித்துப் பயன்படுத்தினார் என்று சொல்வார்கள். அமிலத்தை அப்படி விரட்ட முடியாது. தாமதப்படுத்தலாம், அதற்குள் படமெடுத்துவிடலாம்.

ஜூன் 13

ஒரு வருத்தத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் படித்த கல்லூரி ஒன்றின் நூலகத்தில், பைண்டு செய்த பழைய வார, மாத இதழ்கள் ஒரு சுவர் முழுக்க இருந்தன. பல ஆண்டுகள் கழித்து அங்கே போனபோது அந்தச் சுவரோரம் கணினி மேசைகள் இருந்தன. இதழ்கள் எங்கே என்று கேட்டேன். 'பயன்பாட்டில் இல்லாதவை' என்று முறைப்படி பட்டியலிட்டு, முறைப்படி குழு ஒப்புதல் பெற்று, பழைய பேப்பர்க் கடைக்கு எடைக்குப் போட்டுவிட்டார்கள். யாரும் விதியை மீறவில்லை. கழிக்கும் முன், இந்தத் தொகுதி வேறெங்காவது இருக்கிறதா என்று பார்க்கும்படி எந்த விதியும் சொல்லாததுதான் அங்கே நேர்ந்த கேடு. ஒரு தொலைபேசி அழைப்பில் தெரிந்திருக்கும். அந்தத் தொகுதிகளில் சிலவற்றின் வேறு படியை நான் இன்றுவரை எங்கும் காணவில்லை.

ஜூன் 15

முதல் கேள்வியை மீண்டும் எடுத்துக்கொள்கிறேன். நூல்கள் இங்கேதான் இருக்கின்றன என்று அன்று எழுதியது சரியான தகவல்தான். ஆனால் கேட்டவரின் மனக்குறைக்கு அது முழு மறுமொழி ஆகாது என்று இந்த நாட்களில் தோன்றிக்கொண்டே இருக்கிறது. எதை முதலில் படமெடுப்பது, எதற்கு நிதி கேட்பது, எந்த நெறிப்படி பட்டியலிடுவது என்ற முடிவுகளில் தொலைவிலுள்ள ஒரு நிறுவனத்தின் தேவையும் கலந்துதான் இருக்கும். உலக நூலகங்களின் கூட்டுப் பட்டியலில் தமிழ் நூல்களை ரோமன் எழுத்தில் பெயர்த்துப் பதிவு செய்தார்கள். ழகரத்துக்கும் றகரத்துக்கும் ஆங்கில எழுத்தின் கீழ் கோடு போடும் அந்த முறை, பழகிய ஆய்வாளருக்கு எளிது. திருப்பத்தூரிலிருந்து வரும் தமிழாசிரியருக்கு அது ஒரு பூட்டிய கதவு. பன்னாட்டு நல்கைகள் திட்டத்துக்குத் திட்டம்தான் வரும். அறையைக் குளிர்விக்கும் மின்கட்டணத்தை மாதாமாதம் கட்ட எந்த நல்கையும் விரும்பி முன்வருவதில்லை.

இவ்வளவும் இருந்தும், அந்தச் சேகரிப்பைத் துண்டு துண்டாகச் சிதற விடாமல் ஒரே இடத்தில், அது பிறந்த நாட்டிலேயே வைத்தது மிகச் சரியான முடிவு என்பதில் எனக்கு ஐயமில்லை. படிகள் பல இடங்களில் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் 97,000 நூல்கள் எரிந்தபோது, வேறு படியே இல்லாதவையும் அவற்றோடு போயின. தரமணியில் இருப்பதன் படச்சுருள் கடல் கடந்தும் ஒன்று இருப்பதை நான் இழப்பாகக் கருதவில்லை, காப்பாகவே கருதுகிறேன்.

ஜூன் 18

'சரி, நாம் என்ன செய்யலாம்?' என்று கேட்டவருக்கு.

இலங்கையில் பேராதனைப் பல்கலைக்கழக நூலகம் சட்டப்படியே வைப்பு நூலகங்களில் ஒன்று. நாட்டில் அச்சாகும் நூலின் படி அங்கே போய்ச் சேர வேண்டும். தமிழ்நாட்டில் எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் 1954ஆம் ஆண்டு நூல் ஒப்படைப்புச் சட்டம் அந்த உரிமையைத் தரவில்லை. தருவதற்குச் சட்டமன்றம் மனம் வைக்கலாம். அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் வட்டாரத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்திலிருந்து முத்தையாவின் கோட்டையூர் கூப்பிடு தூரம். செட்டிநாட்டு வீடுகளின் பரணில் இன்னும் எத்தனை பெட்டி இருக்கும்! மதுரை காமராசர் பல்கலைக்கழகம் நாடக நோட்டீசுகளையும் சிவகாசிக் காலண்டர்களையும், திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் தென்பாண்டிக் கிறித்தவ அச்சகங்களின் வெளியீடுகளையும், திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகம் காவிரிக்கரைக் கோயில்களின் குடமுழுக்கு மலர்களையும் தங்கள் கடமையாக ஏற்கலாம். பழையதைத் தேடுவதோடு நிற்காமல், இந்த ஆண்டு அச்சாவதையும் இந்த ஆண்டே சேர்க்க வேண்டும். முத்தையா சேர்த்தவற்றில் பெரும்பகுதியும் அவர் காலத்தில் பழைய தாளாக மதிப்பிழந்து கிடந்தவை என்பதை நினைவில் வைப்போம்.

செலவுக்குப் பயப்படுபவர்களுக்கு: ஒரு நூலக உதவியாளர், வாரத்தில் ஒரு நாள், ஊரிலுள்ள அச்சகங்களுக்குப் போய் அந்த வாரம் அச்சானவற்றில் ஒரு படி கேட்டு வாங்கி வந்தால் தொடக்கத்துக்கு அதுவே போதும். அச்சகக்காரர்கள் இல்லையென்று சொல்ல மாட்டார்கள். மாதிரிப்படி அவர்களிடம் எப்போதும் இருக்கும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக 1924இல் பொறுப்பேற்ற சீர்காழி ரங்கநாதனின் நூலகவியல் ஐந்து விதிகளை மனப்பாடம் செய்து தேர்வெழுதி வேலைக்கு வந்தவர்கள் நம் நூலகர்கள். நூலகம் வளர்ந்துகொண்டே இருப்பது என்று அவர் ஐந்தாவது விதியில் சொன்னதை, வாங்கிய நூல்களின் எண்ணிக்கை என்று மட்டும் எடுத்துக்கொள்ளாமல் இருந்தால் போதும்.

ஜூன் 20

தாத்தாவின் பெட்டியில் உள்ள புத்தகங்களை நூலகத்துக்குத் தர விரும்பும் நண்பருக்கு, சுருக்கமாக. பெட்டியைத் திறந்தவுடன் உள்ளே இருப்பவை எந்த வரிசையில் இருக்கின்றனவோ அப்படியே படமெடுத்துக்கொள்ளுங்கள். பக்கங்களுக்கிடையில் செருகியிருக்கும் ரசீதையோ அழைப்பிதழையோ உருவி எறியாதீர்கள். எந்தப் பக்கத்தில் இருந்தது என்று பென்சிலில் ஒரு துண்டுச்சீட்டில் எழுதி அதனோடு வையுங்கள். கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்ட வேண்டாம், அதன் பசை ஆண்டுகள் கழிந்தபின் எழுத்தையே தின்றுவிடும். வெயிலில் உலர்த்தாமல், நிழலில், காற்றோட்டத்தில் பரப்பி வையுங்கள். பாலித்தீன் பையில் கட்டினால் ஈரம் உள்ளேயே தங்கும். பழைய பருத்தி வேட்டியில் சுற்றினால் நல்லது. துரு ஏறிய கம்பித் தையலை நீங்களாகப் பிரிக்காதீர்கள். ஒரு பட்டியல் எழுதி முதலில் நூலகத்துக்கு அனுப்புங்கள். அவர்களிடம் ஏற்கெனவே இருப்பவை போக மீதியை மட்டும் கேட்பார்கள்.

முன் அட்டையும் கடைசிப் பக்கமும் இல்லாத இதழ்களைத் தரலாமா என்று கேட்டிருந்தீர்கள். கட்டாயம் தாருங்கள். வேறொரு படியில் நடுப்பக்கம் இல்லாமல் இருக்கலாம். இரண்டையும் சேர்த்துத்தான் ஓர் இதழ் முழுமையாகும்.